தீப்பிடித்த இடத்தில் யாரிடம் பேசுவது?

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி மோதித் தீப்பிடித்தால் எத்தனை பேர் ஓடி வருவார்கள்? தீயணைப்பு வண்டி, போலீஸ், 108 ஆம்புலன்ஸ், வருவாய்த் துறை, கூடவே நம்ம ஊர் இளைஞர்கள். 2024 ஜனவரியில் அங்கே வாகனங்கள் மோதி எரிந்து 4 பேர் இறந்த வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். அப்படி ஒரு நேரத்தில் ஆளுக்கொரு உத்தரவு போட்டால் என்ன ஆகும்?

1970ல் கலிஃபோர்னியாவில் அதுதான் நடந்தது. 13 நாள் எரிந்த காட்டுத்தீயில் 16 பேர் பலி. பல துறைகள் ஒருங்கிணையாததே பெரிய சிக்கல் என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் சம்பவக் கட்டளை முறை.

இதே கருத்தை நகரத்துத் தீ விபத்துக்கு ஏற்றபடி வகுத்தவர், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் தலைவராக இருந்த ஆலன் புருனாசினி. 1958ல் பணியில் சேர்ந்து 2006ல் ஓய்வு பெற்றார். ஆனால் வீட்டில் உட்காரவில்லை; மகன்களோடு சேர்ந்து தீயணைப்பு அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தினார்.

பாடம் எளிமையானது. முதலில் வந்து சேரும் அதிகாரி, 'பொறுப்பை நான் ஏற்கிறேன்' என்று வயர்லெஸில் அறிவிக்க வேண்டும். பிறகு ஓடக்கூடாது, ஒரே இடத்தில் இருந்து நடத்த வேண்டும். முதலில் உயிர், அடுத்து தீ, அப்புறம்தான் பொருள். மேலதிகாரி வந்தாலும் நிலவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். 'எல்லாரும் ஓடுறாங்க, இவரு மட்டும் ஏன் சும்மா நிக்கிறாரு?' என்று நமக்குத் தோன்றும். நாம் பேச வேண்டியது அவரிடம்தான்.

இந்தியாவில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010ல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி மாவட்டத்தில் பொறுப்பு அலுவலர் கலெக்டர்.

சரி, உங்கள் பங்கு என்ன? 112 அல்லது 101க்குப் போன் செய்தால் 'தொப்பூர்' என்று மட்டும் சொல்லாதீர்கள். சேலம் போகும் பக்கமா, தருமபுரி வரும் பக்கமா, கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொல்லுங்கள். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில், பக்கம் மாறினால் வண்டி எங்கேயோ போய்த் திரும்பி வர வேண்டும். டேங்கர் என்றால் கிட்டே போகாமல், அதிலுள்ள அபாயப் பலகையை ஜூம் செய்து படம் எடுத்து அந்த அதிகாரியிடம் காட்டுங்கள். உள்ளே எத்தனை பேர் என்று சொல்லுங்கள். எல்லாரும் வெளியே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வீரர்களை உள்ளே அனுப்புவதா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.