இந்தியா – இலங்கை உறவு: மட்டக்களப்பிலிருந்து பார்த்தால்

கல்லடிப் பாலத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடும் நாளில் அங்கே இரண்டு பக்கத்துக்கும் கைதட்டல் விழும். "தம்பி, நீங்க எந்தப் பக்கம்?" என்று அங்கிருந்த ஐயா ஒருவர் என்னிடம் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. இரு நாட்டு உறவு விளையாட்டு, பண்பாடு, இராஜதந்திரம் என்று மூன்று வழிகளில் நம்மிடம் வந்திருக்கிறது. மூன்றும் தந்த அனுபவம் வேறு வேறு.

முதலில் விளையாட்டு. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. உலகக் கிண்ணப் போட்டிக்காக கொழும்பு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அப்போது இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாக வந்து பெப்ரவரி 13 இல் கொழும்பில் ஆடினார்கள். அது இலங்கைக்குக் காட்டிய ஆதரவு.

போர் முடிந்தபின் காற்று திசைமாறியது. 2012 செப்டெம்பரில் தமிழ்நாட்டுக்கு விளையாடப் போன இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்ட மாணவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். சென்னையில் நடக்கவிருந்த 2013 ஆசியத் தடகளப் போட்டி புனேக்குப் போனது. அந்த வருடம் சென்னை ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் இறங்கவில்லை. எல்லாம் நமது பெயரில் நடந்தவை. முள்ளிவாய்க்காலைப் பார்த்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் பந்தோடு போன பிள்ளைகளைத் திருப்பியனுப்பியதால், காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் ஒருத்திக்கும் பதில் கிடைக்கவில்லை.

1969 இல் எல் சல்வடோரும் ஹொண்டுராசும் மோதியதை உலகம் 'உதைபந்தாட்டப் போர்' என்றது. உண்மையில் பகை காணியிலும் குடியேறிகளை விரட்டியதிலும் மூண்டது. ஆட்டம் தீக்குச்சி மட்டுந்தான். நமது விடயத்திலும் விறகு வேறிடத்தில் கிடக்கிறது.

அது இராஜதந்திரம். 1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் தமிழர் தரப்பின் கையெழுத்து இல்லை. வடக்கும் கிழக்கும் இணைந்தன. மாகாண சபை வந்தது. இந்தியப் படையும் வந்தது. அந்தப் படை போரை நிறுத்திப் புலிகளுடன் பேச வேண்டும் என்று மாமாங்கத்தில் உண்ணாநோன்பிருந்த அன்னை பூபதி 1988 ஏப்ரல் 19 அன்று உயிர் நீத்தார். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வடகிழக்கு இணைப்புச் செல்லாது என்றது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் வருடக்கணக்கில் தேர்தல் இல்லை.

பண்பாட்டு உறவுக்கு எந்த அரசும் ஒப்பமிடவில்லை. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவரது யாழ் நூல் 1947 இல் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே மறைந்தார். கல்லடியில், அவர் உருவாக்கிய சிவானந்தா வித்தியாலயத்து வளவில் அவரது சமாதி இருக்கிறது. இங்கிருந்து போனவர் அங்கே கற்பித்தார் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. அந்த உறவில் நாம் கையேந்தி நிற்கவில்லை.

டெல்லியும் கொழும்பும் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் புகைப்படங்களைக் கடந்து நான் அறிக்கையில் இரண்டைத் தேடுகிறேன்: மாகாண சபைத் தேர்தல், காணி அதிகாரம். இரண்டும் இல்லாவிட்டால், யார் வென்றாலும் அந்த ஆட்டத்தில் நாம் பார்வையாளர்கள்தான். ஐயாவிடம் அடுத்த முறை இதைத்தான் சொல்லப்போகிறேன்.