வாலஸின் மூட்டையும் உங்கள் முதுகுப்பையும்

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் லேடாங் மலையேறும் எண்ணம் உண்டா? மெர்லிமாவ் பக்கம் இருப்பவர்களுக்கு அது அதிகத் தொலைவில்லை. மலாக்கா, ஜொகூர் எல்லையருகே 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பையில் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் முன், அங்கு முன்பே போன ஒருவரின் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854இல் இந்த மலைக்கு வந்தார். ஆயர் பானாஸிலிருந்து நடந்தே வந்தார். ஒரு வாரத் தேவைக்கு அரிசி, பிஸ்கட், வெண்ணெய், கோப்பி, கருவாடு, கம்பளி, மாற்றுடை ஆகியவற்றோடு பூச்சிகளும் பறவைகளும் சேகரிக்கப் பெட்டி, வலை, துப்பாக்கி எல்லாம் இருந்தன. சுமக்க ஆறு மலாய்க்காரர்கள் உடன் வந்தனர். உங்களுக்கோ ஒரே ஒரு முதுகுதான்!

உலர்ந்த உணவு ஏன்?

வாலஸின் உணவில் பெரும்பாலானவை உலர்ந்தவை. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான் உண்டு. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதே எடையுள்ள வேர்க்கடலையிலோ 560 கலோரிக்கு மேல் கிடைக்கும். நாசி லெமாக்கைப் புறப்படும் முன் சாப்பிடுங்கள். பையில் கடலை, பிஸ்கட், பேரீச்சம்பழம் போதும்.

தண்ணீரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

இவ்வளவு திட்டமிட்டும் வாலஸ் குழு ஓரிடத்தில் தாகத்தில் தவித்தது. பாடாங் பத்து என்ற பாறைச் சரிவில் தண்ணீர் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் பூச்சிகள் மிதந்த குடுவைத் தாவரங்களின் நீரைக் குடித்துத் தாகம் தணித்தார்கள். பூச்சிகளைச் செரிக்கவே அந்தச் செடி அந்த நீரை வைத்திருக்கிறது!

வெப்பத்தில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது தேவை. ஆறு மணி நேரத்துக்கு மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மலையேறுபவர்களின் பொதுவான கணக்கு. நீங்கள் 50 கிலோ என்றால் வரம்பு 10 கிலோ. அதில் மூன்று கிலோவைத் தண்ணீருக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மீதி ஏழு கிலோவுக்குள் மற்றவற்றை அடக்குங்கள். எடை கூடினால் வேறு பொருளைக் குறையுங்கள், தண்ணீரை அல்ல. ஓடை நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

ஒரு காய்ந்த சட்டை

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். அடிவாரத்தில் 32 பாகை என்றால், உச்சியில் சுமார் 24 பாகை. இது குளிரே இல்லையே என்பீர்கள். ஆனால் சட்டையிலுள்ள ஈரம் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி உங்கள் உடலிலிருந்து போகும். காற்றும் வீசினால் நடுக்கம் வந்துவிடும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாலியெஸ்டர் விரைவில் உலரும். பருத்திச் சட்டையைத் தவிர்த்து, மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். மழைச்சட்டை, தலைவிளக்கு, மருந்துப் பெட்டி, விசில் ஆகியவையும் அவசியம். நீளமான காலுறையை மறக்க வேண்டாம்: வாலஸ் குழுவினர் மாலையில் குளிக்கும்போது ஒவ்வொருவர் உடலிலும் ஆறு முதல் பன்னிரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தன!

எதை எங்கே வைப்பது?

தண்ணீர்ப் போத்தலை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடியுங்கள். எடை அதேதான், ஆனால் கை வலிக்கிறது. விசை செயல்படும் தொலைவு கூடியதால் திருப்புத்திறனும் கூடிவிட்டது. கனமான பொருள் முதுகிலிருந்து விலகி இருந்தால் பையும் உங்களை அப்படித்தான் பின்னால் இழுக்கும். ஆகவே கனமானதை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். லேசானது அடியிலும் வெளிப்புறத்திலும் இருக்கட்டும். மழைச்சட்டை மேலே இருக்கட்டும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பையைக் கட்டி, நிறுத்துப் பார்த்து, அதைச் சுமந்தபடி பள்ளி மாடிப்படிகளில் பத்து முறை ஏறி இறங்குங்கள். எந்தப் பொருள் வேண்டாம் என்று உங்கள் தோள்களே சொல்லிவிடும். வழிகாட்டியும் பெரியவர்களும் இல்லாமல் மட்டும் மலைக்குப் போகாதீர்கள்.