3-க்கும் 4-க்கும் தூரம் 7

‘டோரண்டுக்கு நடுவில் சர்வரே இல்லை என்கிறார்கள். அப்படியானால் நான் கேட்கும் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று என் கணினிக்கு யார் சொல்வது?’ என்று கேட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

டோரண்டுக்கு முந்தைய கோப்புப் பகிர்வு வலையான நாப்ஸ்டரில், எது யாரிடம் என்ற பட்டியல் முழுதும் ஒரே இடத்தில் இருந்தது. வழக்கு வந்தது, 2001-இல் கடையைச் சாத்தினார்கள். அதேபோன்ற இன்னொரு வலையான நுடெல்லாவில் பட்டியலே கிடையாது, தெருத்தெருவாகக் கூவ வேண்டியதுதான். 2002-இல் பெட்டார் மேமுன்கோவும் டேவிட் மசியேரும் வகுத்த கடெம்லியா, பட்டியலைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தது. டோரண்டுக்குள் அது 2005-இல் வந்தது.

மேக்னட் இணைப்பில் 40 எழுத்துக்கு ஒரு கிறுக்கல் இருக்குமே, அதுதான் கோப்பின் எண். 160 பிட். வலையில் சேரும் கணினிக்கும் அதே நீளத்தில் ஓர் எண் உண்டு. கோப்பின் எண்ணுக்கு எவை மிக அருகிலோ, ‘இது இன்னாரிடம் இருக்கிறது’ என்ற குறிப்பு அந்தக் கணினிகளிடம் இருக்கும்.

இந்த ‘அருகில்’ என்பதில்தான் எனக்குப் பித்து. இரண்டு எண்களையும் இரும முறையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒத்துப்போகும் இடத்தில் 0, மாறும் இடத்தில் 1. வருவதுதான் தூரம். 3 என்பது 011, 4 என்பது 100. மூன்று இடமும் மாறுவதால் 111, அதாவது 7! ஆனால் 4-க்கும் 5-க்கும் தூரம் வெறும் 1. பின்கோடு மாதிரிதான்: முதல் இலக்கம் மாறினால் வேறு சீமை, கடைசி இலக்கம் மாறினால் பக்கத்து ஊர். நிஜப் பூகோளத்துக்கு இங்கே வேலையில்லை. அடுத்த வீட்டுக் கணினி அந்தக் கோடியில் இருக்கலாம்.

ஒவ்வொரு கணினியும் தன் அக்கம்பக்கத்தை நன்றாக அறியும். தூரத்தில் சிலரைத்தான் தெரியும். கேட்டால் இன்னும் நெருங்கிய ஆளைக் கைகாட்டும். ஒவ்வொரு கைகாட்டலிலும் மிச்சத் தூரம் பாதியாகிறது. பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் சுமார் இருபது கேள்விதான்.

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையோடு மதுரையில் சிறு சந்து ஒன்றைத் தேடி அலைந்தேன். செல்போன் வரைபடம் முட்டுச்சுவரில் கொண்டுபோய் விட்டது. வழி சொன்னவர் முப்பது வருஷமாக அதே மூலையில் பஞ்சர் ஒட்டுகிறவர். கடெம்லியாவும் இப்படிப்பட்டவரைத்தான் நம்பும். நெடுநேரம் வலையில் இருந்த கணினி இன்னும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது நுடெல்லா பதிவுகளில் கண்ட உண்மை.

நாமோ டோரண்ட் என்றாலே திருட்டுப் படம் என்று வைத்திருக்கிறோம். உபுண்டுவும் டெபியனும் அதில் கிடைப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இறக்கி முடித்த கையோடு டோரண்டை இழுத்து மூடிவிடுகிறார்கள்.

நின்று பதில் சொல்பவருக்குத்தான் இங்கே மதிப்பு. ஒரு கணினியின் முகவரிப் பட்டியல் நிறைந்திருக்கும்போது புதிதாக ஒருவர் வந்தால், கடெம்லியா வெகுநேரம் பேசாத பழையவரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். ‘இருக்கேன்’ என்று பதில் வந்துவிட்டால் புதியவருக்கு இடமில்லை.