முரசில் கசியும் இரத்தம்

பல் துலக்கித் துப்பும் நீர் சிவப்பாக இருந்தால் நம்மில் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வயலையும் கிணற்றையும் விட்டு வந்து நிற்கும் குடும்பத்துக்கு முரசு ஒரு பெரிய விடயமா என்று கேட்பதும் நியாயந்தான். ஆனால் கையில் ஒரு புண் இருந்து நாள்தோறும் இரத்தம் கசிந்தால் நாம் சும்மா இருப்போமா? முரசிலும் அதுவே நடக்கிறது.

பல்லும் முரசும் சேருமிடத்தில் வழுவழுப்பான படலம் ஒன்று படிகிறது. அது முழுவதும் கிருமிகள். அகற்றாமல் விட்டால் இறுகிக் காரையாகிவிடும். முரசு சிவந்து, வீங்கி, இரத்தம் கசியும். இந்த நிலையில் கவனித்தால் முற்றாகக் குணமாகும். கவனியாது விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளராது. வெள்ளம் மண்ணை அரித்துச் சென்ற கரையில் நிற்கும் தென்னையைப் போல, சூத்தை இல்லாத நல்ல பல்லும் ஆடி விழும்.

இந்த நோயின் போக்கை உலகம் அறிந்துகொண்டதில் நமது மலையகத் தோட்டத் தொழிலாளருக்குப் பெரும் பங்குண்டு. நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் 1970இல் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண்களைப் பரிசோதித்து, 1985 வரை தொடர்ந்து கவனித்தனர். அவர்கள் பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். 1986இல் வெளியான முடிவின்படி நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 பேருக்கு மெதுவாகக் கூடியது. 11 பேருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் போகவில்லை. உலகெங்கும் பல் வைத்திய மாணவர் இன்றும் இதைப் படிக்கின்றனர். வாயைத் திறந்து காட்டிய அந்த மனிதருக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி நமக்கு எழாமலில்லை.

முரசு நோய்க்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு நீரிழிவில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. இரத்தத்தில் சீனி கூடினால் முரசு நோய் எளிதில் பற்றும். முரசு அழற்சி முற்றினால் சீனியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். முரசுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சீனியின் அளவும் ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே நீரிழிவு கிளினிக்குக்குச் செல்வோர் தமது முரசைப் பற்றியும் அங்கே சொல்ல வேண்டும்.

முரசு நோய் உள்ளவர்களிடையே மாரடைப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதடைந்தவருக்கு ஆபத்து நிச்சயமானது. வாயிலுள்ள கிருமி இரத்தத்தோடு சென்று அந்த வால்வில் தங்கி உயிருக்கே உலை வைக்கலாம். பல் பிடுங்கப் போகுமுன் இதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு முரசு வீங்குவது வழமை. கர்ப்ப காலத்தில் பல் வைத்தியம் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தவறு. படுக்கையில் இருக்கும் முதியவரின் வாயைத் தினமும் துடைத்துவிட்டால் நியூமோனியாக் காய்ச்சல் வரும் வாய்ப்புக் குறையும்.

காலையிலும் படுக்கைக்குப் போகுமுன்னும், மென்மையான தூரிகையால் முரசோரம் படும்படி துலக்க வேண்டும். தூரிகையை வீட்டில் எவரும் பங்கிடக் கூடாது. அது கிடைக்காத இடத்தில் வேப்பங்குச்சியின் நுனியை நன்றாக மென்று மென்மையாக்கிக் கொள்ளலாம். உமிக்கரி, செங்கல் தூள், மணல் வேண்டாம். இவை பல்லையும் முரசையும் தேய்த்துவிடும். இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துபவர்கள் உண்டு. அதனால் நோய் கூடுமேயன்றிக் குறையாது. உப்புநீர் கொப்பளிப்பது நோவைத் தணிக்கும், ஆனால் காரையை அகற்றாது. அதைப் பல் வைத்தியரே சுரண்டி எடுக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்துகொள்ளலாம்.

சுருட்டுப் புகைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகையிலை முரசுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், நோய் முற்றினாலும் இரத்தம் கசியாமல் இருக்கலாம். அவர்களுக்குப் பல் ஆடுவதே முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது.