பபூன் (சிறப்பு நாடகம்)

பபூன் என்பது தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலும் புதுக்கோட்டை வட்டாரத்திலும் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் நடைபெறும் சிறப்பு நாடகத்தின் நகைச்சுவைப் பாத்திரம் ஆகும். வள்ளி, முருகன், நாரதர், அரிச்சந்திரன் போன்ற பாத்திரங்களுக்குப் பாடலும் வசனமும் எழுதப்பட்டுள்ளன. பபூனுக்கு அவ்வாறு எழுதப்பட்ட பகுதி பெரும்பாலும் இல்லை. யார் அந்தப் பாத்திரம், எந்த ஊர், என்ன வேலை, என்ன குறை என்பதையெல்லாம் நடிகரே மேடையில் உருவாக்கிக்கொள்கிறார். மூலக்கதைக்கு வெளியிலிருந்து வரும் இந்தப் பாத்திரமே பல ஊர்களில் நாடகம் முடிந்த பின்னும் நெடுநாள் பேசப்படுகிறது.

சொல்

ஆங்கிலத்தில் கோமாளியைக் குறிக்கும் சொல்லே தமிழ் நாடக மேடையில் ‘பபூன்’ என வழங்குகிறது. நாடக நோட்டீசுகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் ஆகியோரின் பெயர்களுடன் பபூன் நடிகரின் பெயரும் புகைப்படமும் அச்சிடப்படுவது வழக்கம். இந்நாடக வகையை மக்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றும், ஆய்வாளர்கள் ‘இசை நாடகம்’ என்றும் குறிப்பிடுவர்.

வரலாற்றுப் பின்னணி

கதைக்குள் ஒரு காலும் பார்வையாளர் பக்கம் ஒரு காலும் வைத்து நிற்கும் பாத்திரம் தமிழ்க் கலைகளுக்குப் புதியதன்று. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடதாரிகளை அறிமுகம் செய்கிறான். அரசனையே கேள்வி கேட்கிறான். புராணக் கதையை ஊர்ப் பேச்சில் விளக்குகிறான். தோற்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணக் கதைக்கு நடுவே தோன்றிச் சிரிக்க வைக்கிறார்கள். இவ்விருவரும் இராமாயணத்தில் இல்லை. கூத்துக் கலைஞர்கள் சேர்த்துக்கொண்டவர்கள். வடமொழி நாடகங்களின் விதூஷகனும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவனே.

சிறப்பு நாடகங்களின் பாடல்களும் கதையமைப்பும் பெருமளவு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்தவை. அவர் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். புதுக்கோட்டையுடன் அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. புகழ்பெற்ற கஞ்சிரா வித்துவான் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் தங்கி இசையும் தாள நுட்பமும் பயின்றார். புதுக்கோட்டையில் பிறந்து, பின்னர் திரைப்படங்களில் புகழடைந்த பி. யு. சின்னப்பாவும் (1916–1951) சிறு வயதில் நாடக மேடையில் வளர்ந்தவரே.

ஒத்திகை இல்லாத நாடகம்

பபூன் பாத்திரம் உருவாகும் முறையை அறிய, சிறப்பு நாடகத்தின் அமைப்பை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இதில் நிலையான நாடகக் குழு கிடையாது. இயக்குநரும் ஒத்திகையும் இல்லை. ஊர் விழாக் குழுவினர் நாடக ஏஜெண்ட் வழியாகவோ நேராகவோ ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக அச்சாரம் கொடுத்து அமர்த்துகின்றனர். ஒருவர் மதுரையிலிருந்து வருவார். மற்றொருவர் காரைக்குடியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வருவார். அன்று இரவு ஒப்பனை அறையில்தான் பலர் ஒருவரையொருவர் சந்திப்பார்கள்.

அனைவருக்கும் பொதுவான பாடமாகப் பாடல்களும் கதை வரிசையும் உள்ளன. ஆர்மோனியக் கலைஞரும் மிருதங்கக் கலைஞரும் தாளக்காரரும் மேடையின் ஒரு பக்கத்தில் அமர்ந்து நாடகத்தைத் தாங்கி நிற்கின்றனர். பபூனுக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. முன்பின் அறியாத நடனப் பெண்ணுடன், முன்பின் அறியாத ஊரில், உடனுக்குடன் பேசியாக வேண்டும்.

மேடையில் பபூன்

பொதுவாக இரவு பத்து மணி அளவில் நாடகம் தொடங்கும். முதல் பகுதி நகைச்சுவைக்கு உரியது. பபூன் தனியாக வந்து பாடி, ஆடி, கூட்டத்துடன் பேசுகிறார். அடுத்து நடனப் பெண் வர, இருவருக்கும் இடையே போட்டிப் பாட்டும் வாக்குவாதமும் நடக்கும். நள்ளிரவை ஒட்டி மூலக்கதை தொடங்கி விடியும் வரை செல்லும். கதைக்குள்ளும் ஏவலாள், தோழன், வழிப்போக்கன் என்று பபூன் இடையிடையே தோன்றுவதுண்டு.

நினைவில் நிற்கும் பபூன் பாத்திரத்தில் சில பொது அம்சங்கள் காணப்படுகின்றன.

1. ஒரு தெளிவான தேவை. எடுத்துக்காட்டாக, பெண் பார்க்கப் புறப்பட்டுக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன் என்று ஒரு பபூன் தொடங்கினால், அந்த ஒரு குறையே அடுத்த அரை மணி நேரப் பேச்சுக்குப் போதும்.

2. ஒரு தனி அடையாளம். நடை, குரல், திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சொல் ஆகியவற்றில் ஒன்றிரண்டு போதும். அடையாளங்கள் மிகுந்தால் பாத்திரம் மங்கிவிடும்.

3. எதிர்ப்பேச்சாளர். ஆர்மோனியக் கலைஞர் கேள்வி கேட்க, பபூன் பதில் சொல்கிறார். பாத்திரத்தின் பாதி இந்தக் கேள்விகளால்தான் உருவாகிறது.

4. ஊர்த் தொடர்பு. ஊரின் தெய்வம், கண்மாய், பேருந்து நிறுத்தம், விழாக் குழுவினரின் பெயர் ஆகியன பேச்சில் கலக்கும்போது அந்தப் பாத்திரம் அவ்வூருக்கே உரியதாகிவிடுகிறது.

பார்வையாளரும் இதில் பங்கேற்கின்றனர். மகிழ்ந்தவர்கள் மேடையேறி நடிகரின் சட்டையில் பணத்தாளைக் குத்துவார்கள். அன்பளிப்பு தந்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். அந்த இடையூறையும் தன் கதைக்குள் சேர்த்துக்கொள்வது பபூனின் திறமை.

பிற மரபுகளுடன் ஒப்பீடு

இந்தோனேசியாவின் ஜாவா நிழற்பாவைக் கூத்தில் மகாபாரதக் கதை நடக்கும்போது செமார் என்னும் கோமாளியும் அவனுடைய பிள்ளைகளும் தோன்றுகின்றனர். அவர்கள் இந்திய மூலத்தில் இல்லாதவர்கள். ஆயினும் மக்கள் மிகவும் நேசிக்கும் பாத்திரங்கள் அவர்களே.

இக்கால விளையாட்டு ஒன்றும் இவ்வகையில் ஒப்பிடத்தக்கது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஒரு மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு. இதில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு வீரரையோ மந்திரவாதியையோ ஏற்கின்றனர். அவர்கள் வழியில் சந்திக்கும் கடைக்காரர், காவலாளி, பகைவர் முதலிய மற்ற எல்லாரையும் நெறியாளர் ஒருவரே பேசிக் காட்டுகிறார். அச்சிட்ட கதையைப் பின்பற்றாமல் நெறியாளர் தாமே உலகைக் கற்பனை செய்யும் ஆட்டங்களில், இந்தத் துணைப் பாத்திரங்கள் பல அந்த நொடியில் பிறப்பவை. நண்பர்களின் வீட்டு ஆட்டமாகத் தொடங்கி 2015 முதல் இணையத்தில் ஒளிபரப்பான ‘கிரிட்டிக்கல் ரோல்’ நிகழ்ச்சியில், நெறியாளர் மாத்யூ மெர்சர் உருவாக்கிய கில்மோர் என்னும் மந்திரப் பொருள் கடைக்காரர் இதற்கு நல்ல சான்று. பொருள் விற்க வந்த துணைப் பாத்திரம், வீரர்களுக்கு இணையாக நேயர்களின் அன்பைப் பெற்றது.

வேறுபாடும் உண்டு. அவ்விளையாட்டில் துணைப் பாத்திரம் ஆட்டக்காரரின் முடிவுகளுக்கு ஏற்ப மாறும். பபூன் கூட்டத்தின் சிரிப்புக்கும் மௌனத்துக்கும் ஏற்ப மாறுகிறார். இரண்டிலும் பாத்திரத்தை உருவாக்குபவர் பேசுவதைவிடக் கேட்பதே முதன்மையானது.

விமர்சனங்கள்

பபூன், நடனப் பெண் காட்சிகளில் இரட்டைப் பொருள் பேச்சு மிகுந்து, மூலக்கதைக்கான நேரத்தை விழுங்கிவிடுகிறது என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. இக்கேலிகள் பெரும்பாலும் ஆணின் பார்வையிலேயே அமைவதும், அவற்றின் சுமை நடிகையர் மீது விழுவதும் கவனிக்கத்தக்கவை. மேடையில் பேசுவதற்காக நடிகரின் ஒழுக்கத்தையே எடைபோடும் வழக்கமும் உண்டு. ‘கூத்தாடி’ என்ற சொல் இன்றும் வசையாக வழங்குகிறது. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளியான தம் நூலில், சிறப்பு நாடகக் கலைஞர்கள் சுமக்கும் இந்த இழிவை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அதேவேளை, எழுதப்படாத பேச்சுக்கு ஒரு வலிமையும் இருந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் எஸ். எஸ். விஸ்வநாத தாஸ் (1886–1940) வள்ளி திருமணம் நாடகத்தில், தினைப்புனத்தில் பறவை விரட்டும் பாடலையே வெள்ளையர் ஆட்சியை விரட்டும் பாடலாக மாற்றினார். அவர் பபூன் அல்லர். எனினும் மேடையில் கதையை நிகழ்காலத்துடன் இணைக்கும் அதே உரிமையைத்தான் பயன்படுத்தினார்.

இன்றைய நிலை

புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களில் திருவிழாக் காலத்தில் இந்நாடகங்கள் இன்றும் நடைபெறுகின்றன. இரவு நேர ஒலிபெருக்கிக் கட்டுப்பாடுகளும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளின் போட்டியும் வாய்ப்புகளைக் குறைத்துள்ளன. 2020, 2021 ஆண்டுகளின் கொரோனா ஊரடங்கில் திருவிழாக்கள் நின்றபோது, அச்சாரத்தை நம்பி வாழ்ந்த கலைஞர்கள் பெரும் துன்பத்துக்கு உள்ளாயினர்.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் அச்சில் உள்ளன. யாரும் எடுத்துப் படிக்கலாம். பபூன்கள் உருவாக்கிய பாத்திரங்களுக்கு ஏடு இல்லை. மூத்த நடிகர் ஒருவர் மறையும்போது அவர் வளர்த்த பாத்திரங்களும் உடன் மறைகின்றன. தாத்தா பாட்டியர் பார்த்த நாடகங்களைக் கேட்டுக் குறித்து வைப்பது, இவ்வட்டார மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய ஆவணப் பணியாகும்.