முதலில் டெபாசிட், பிறகு குழாய்

1990களின் பிற்பகுதி. சென்னை விமான நிலையத்தை ஒட்டிய ஆலந்தூரில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் குடியிருந்தார்கள். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். நிரம்பினால் லாரிக்குச் சொல்லிவிட வேண்டும். அது வரும்வரை மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உறிஞ்சிய கழிவை லாரிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று கேட்டவர்கள் குறைவு.

இதற்கு ஒரு முடிவு கட்ட ஏறத்தாழ 34 கோடி ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். வசூலாகும் சொத்து வரி சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் போதுமா என்று பார்க்கும் நகராட்சிகளுக்கு அது எட்டாத தொகை. கோட்டைக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருப்பதே வழக்கம். ஆனால் ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் ஆலந்தூர் தன் மக்களிடமே கேட்டது. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000 ரூபாய் டெபாசிட். அதுவும் ஒரு பள்ளம்கூடத் தோண்டுவதற்கு முன்பே!

அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். சாலையில் விழுந்த குழியையே மூடாத நகராட்சியை நம்பி யார் கொடுப்பார்கள்? கொடுத்தார்கள். நகராட்சியினர் வீடு வீடாகப் போய் விளக்கினார்கள். குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். எல்லாவற்றையும்விட, டெபாசிட் பணம் நகராட்சியின் பொதுச் செலவில் கலந்துவிடாமல் தனி வங்கிக் கணக்கில் போடப்பட்டது. திட்டத்தின் சாமர்த்தியமே அந்தத் தனிக் கணக்குதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

மக்கள் பணம் வந்து சேர, கடன் கொடுப்பவர்களுக்கும் தைரியம் வந்தது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் 16 கோடியும் மாநில அரசின் நிதி நிறுவனமான டுஃபிட்கோ 4 கோடியும் கடனாகத் தந்தன. சுத்திகரிப்பு நிலையத்துக்கு நகராட்சி முதல் போடவில்லை. தனியார் நிறுவனம் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு ஒப்படைக்கும். அதுவரை சுத்திகரிக்கும் நீரின் அளவுக்கு ஏற்ப நகராட்சி கட்டணம் தரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கழிவுநீர் குறைவாக வந்தாலும் குறைந்தபட்சத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே குழாய் பதித்ததோடு வேலை முடியவில்லை, வீடுகள் இணைப்பு வாங்கினால்தான் கணக்கு நேராகும். டெபாசிட்டை முன்கூட்டியே வாங்கியதன் இன்னொரு லாபம் இது: பணம் கட்டியவர் இணைப்பு கேட்டு வராமல் இருப்பாரா?

எல்லா ஊருக்கும் இது ஒத்துவராது. சின்ன உள்ளாட்சி பணம் திரட்டத் தனியாகக் கடன் பத்திரம் வெளியிட்டால் வாங்க ஆள் இருக்காது. அதனால் 2002இல் தமிழ்நாட்டின் 13 சிறிய உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒன்றாகக் கட்டி, சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கூட்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் யுஎஸ்எய்டு அமைப்பு ஒரு பகுதிக்கு உத்தரவாதம் தந்தது.

வடக்கே காசியாபாத் மாநகராட்சி 2021இல் 150 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. கழிவுநீரைத் தொழிற்சாலைகள் வாங்கும் தரத்துக்குச் சுத்திகரிப்பது அதன் திட்டம். அங்கே கடனை அடைக்க உதவப்போவது வீட்டுக்காரரின் டெபாசிட் அல்ல, தண்ணீருக்கு ஆலைகள் தரும் விலை.