துப்பறிந்த மேதையும் தேவதைப் படங்களும்

வைத்தியர், விஞ்ஞானி, சட்டத்தரணி போன்ற அறிவுத்தொழில் புரிவோர் ஒன்றை நம்பினால், அது ஆராய்ந்து தெளிந்த நம்பிக்கையாகவே இருக்கும் என்பது நம்மிற் பலரது எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும்? ஷேர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்த சேர் ஆதர் கொனன் டொயிலின் வாழ்க்கை இதற்கு விடை தருகின்றது.

டொயில் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றவர். நோயாளியின் தோற்றத்தையும் நடையையும் உற்றுநோக்கியே அவர்தம் தொழிலைக் கூறவல்ல ஜோசப் பெல் என்பார் அவருடைய ஆசிரியர். அவரை மனத்திற் கொண்டே டொயில் ஹோம்ஸைப் படைத்தார். முதற் கதை 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அந்நுண்ணறிவு கதையோடு நின்றுவிடவில்லை. ஜோர்ஜ் எடல்ஜி என்னும் இளஞ் சட்டத்தரணி, இரவில் வயல்வெளியிற் சென்று குதிரையொன்றைச் சிதைத்தார் என்ற குற்றத்திற்காக 1903இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மூன்றாண்டின் பின் விடுதலையான அவரைச் சந்திக்கச் சென்ற டொயில், அவர் பத்திரிகையைக் கண்ணருகே சாய்த்துப் பிடித்து வாசிப்பதைக் கண்டார். கண் வைத்தியமும் கற்றிருந்தமையால் உடனே ஐயுற்றார். இத்துணைப் பார்வைக் குறைவுடையவர் காரிருளில் வயல் கடந்து அக்குற்றத்தைப் புரிதல் இயலுமோ என்று எழுதி வாதாடினார். 1907இல் அரசாங்கம் எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கியது.

இதே டொயில் 1920இல் என் செய்தார்? இங்கிலாந்தின் கொட்டிங்லி கிராமத்தில், பதினாறும் ஒன்பதும் வயதுடைய இரு சிறுமியர் 1917இல் எடுத்த இரு நிழற்படங்களில், சிறகுடைய குட்டித் தேவதைகள் காணப்பட்டன. கொடாக் நிறுவனத்தார் சான்று வழங்க மறுத்தனர். டொயிலோ ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் அப்படங்களுக்காகப் பரிந்து எழுதினார். 1922இல் ஒரு நூலும் வெளியிட்டார். அவை கடதாசியில் வெட்டித் தொப்பி ஊசியால் நிறுத்திய உருவங்களே என்பதை, முதுமையடைந்த அப்பெண்கள் 1983இல் ஒப்புக்கொண்டனர்.

அறிவு எங்கே போயிற்று? இறந்தோருடன் பேசலாம் என்னும் கொள்கையில் டொயிலுக்கு நெடுநாளாகவே நாட்டமிருந்தது. யுத்தகாலத்தில் அதனை வெளிப்படையாக ஏற்றார். போரிற் காயமுற்ற மகன் 1918இல் இன்புளுவென்சா நோயால் இறந்தான். மறுவருடம் தம்பியும் மறைந்தார். கண்காணா உலகம் ஒன்று உண்டென்பது அவருக்கு வெறும் ஆராய்ச்சிப் பொருளாக இருந்திருக்க முடியாது. அது நெஞ்சின் தேவையாயிருந்தது என்றே கருத வேண்டியுள்ளது.

எடல்ஜியை அவர் நேரிற் பார்த்தார். கொட்டிங்லிக்கோ அவர் சார்பில் வேறொருவரே சென்றார். வேறுபாடு இதில் அடங்கியுள்ளது.

பிள்ளையை இழந்த தந்தையை எள்ளி நகையாடுதல் நமக்குத் தகாது. டொயில் ஏமாந்தமையால் சமய நம்பிக்கை முழுவதும் பொய்யென்று முடிவுகட்டுதலும் தகாது. இறைவனை வழிபடுவோனுக்கு நிழற்படச் சான்று வேண்டியதில்லை. ஆனால், 'இதோ சான்று' என்று ஒருவர் எதையேனும் காட்டுமிடத்து, அதனை ஆராய்ந்தே தீரவேண்டும். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியையே உண்மைக் காட்சியென நம் சைவ சித்தாந்தமும் அளவையியலில் வகுத்துள்ளது.

ஆகவே, காட்டுபவர் பட்டதாரியா, வைத்தியரா என்று கேட்பதோடு நாம் அமைதல் கூடாது. நாம் விரும்புகின்ற முடிவையே அச்சான்று தருகின்றதா என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்று உள்ளம் விடையிறுக்குமாயின், அப்பொழுதே இருமடங்கு கவனம் தேவை.